மோட்டாருக்கு அடியில் ஒரு பலகை

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. ஒரு பீஸ் கைக்கு வந்தால் இதில் என்ன குறை என்றுதான் முதலில் தேடுவேன். அழகாக இருக்கிறதே என்று ஒருநாளும் பார்த்ததில்லை. தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா, அளவு சார்ட்டில் சொன்னபடி இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, அந்தப் புத்தி கம்பெனி கேட்டைத் தாண்டி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. காய்கறி வண்டிக்காரரின் தராசு முதல் கட்டிய புருஷனின் செல்போன் வரை எதையும் நான் திருப்பிப் பார்க்காமல் விடுவதில்லை.

அப்படிப்பட்டவளிடம் என் வீட்டுக்காரர் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு வராமல் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கோ போய், சாயங்காலம் பெட்ரோல் வாடையோடு திரும்பினார். எனக்கு மூக்கில் வியர்க்காமல் இருக்குமா? அவர் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். சட்டையில் எண்ணெய் வாடை அடிப்பது சகஜம்தான். ஆனால் நிட்டிங் எண்ணெயின் வாடை எனக்குத் தெரியும். இது பெட்ரோல்.

"எங்க போயிட்டு வாரீக?" என்று கேட்டேன்.

"ஒரு சோலி."

"என்ன சோலி?"

"ஒருத்தருக்கு மோட்டார் பாத்துக் குடுக்கணும்."

திருப்பூரில் மோட்டார் என்றால் போர் மோட்டார், இல்லாவிட்டால் தையல் மெஷின் மோட்டார். இரண்டும் பெட்ரோலில் ஓடாது. பொய் சொல்கிறார் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் துவைக்கப் போட்ட பேண்ட் பாக்கெட்டில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. பதிமூன்று, ஐயாயிரத்து முந்நூறு. பத்து, ஆறாயிரத்துக்கு மேல். பலகை இரண்டு. பலகை ஒன்று. எல்லாம் அவருடைய கோழிக்கிறுக்கல். சூதாட்டமா, லாட்ஜ் ரூம் நம்பரா என்று என் மண்டை போகாத இடம் இல்லை. அன்று மாலை அவர் மொட்டை மாடியில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். காய்ந்த துணியை எடுக்கிற சாக்கில் படியில் நின்று கேட்டேன். "தூக்கி வச்சா நல்லாத்தான் போவுது. திரும்பயில புடிய விட்டுருது" என்றார். கூடவே ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை வீட்டுக்குள் கேட்டு எவ்வளவோ நாள் ஆகியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பெண் விவகாரம் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

நான்காம் ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டியை வெளியே எடுக்கும்போது முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

"நீ எங்க வார?"

"நீங்க போற எடத்துக்கு."

"வெயிலடிக்கும்ளா."

"அடிக்கட்டும்."

மனுஷர் கிக்கரை உதைத்துக் கிளப்பினார். பல்லடம் தாண்டி, பொங்கலூர் தாண்டி, காற்றாலைகள் சுற்றுகிற மேட்டு நிலம் தாண்டி வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. இவ்வளவு தூரம் வந்தா வைத்திருக்கிறார் என்று நான் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். கடைசியில் ஒரு மண் பாதையில் இறங்கி ஓர் அணைக்கட்டின் கரையில் நிறுத்தினார். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். கரையோரம் ஒரு ஃபைபர் படகு. அதன் பின்பலகையில் பெட்ரோல் மோட்டார் ஒன்று கவ்விக்கொண்டு தொங்கியது.

அங்கே இருந்தது ஒரே ஓர் ஆள், அதுவும் நரைத்த மீசைக்காரர். மூலனூரில் முருங்கைக்காய் வியாபாரம். அணையில் மீன் பிடிக்கிற குத்தகையையும் எடுத்திருந்தார்.

"வாங்க அம்மிணி, வாங்க. ஒருவழியா உங்களையும் கூட்டிட்டு வந்துட்டாருங்ளா. எளநி வெட்டச் சொல்லட்டுங்ளா?" என்றார்.

இந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்தாலும் 'ங்க' போட்டுத்தான் வருவார்கள். மரியாதையை வைத்து ஒன்றையும் முடிவு செய்ய முடியாது. ஆனாலும் அந்த நரைத்த மீசையைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அவர் கொடுத்த இளநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டேன். படகு சரியாகப் போவதில்லை என்று குத்தகைக்காரர் சொன்னாராம், அதனால்தான் வந்து பார்க்கிறாராம் என் வீட்டுக்காரர். கடற்கரைக்காரர், படகிலேயே வளர்ந்தவர், கூப்பிட்டிருப்பார்கள் என்று நானும் நம்பினேன்.

அன்று முழுக்க கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். சாக்கின் மேல் இரண்டு புரொப்பல்லர்கள் கிடந்தன. அவர் அதைக் காத்தாடி என்றுதான் சொல்வார். இரண்டுக்கும் மூன்று இறக்கைகள், இரண்டும் ஒரே அகலம். என் பையில் எப்போதும் கிடக்கிற டேப்பை எடுத்து அளந்தே பார்த்தேன்.

"ரெண்டும் ஒண்ணுதான? என்னத்துக்கு மாத்தி மாத்திப் போடுதீக?"

அவருக்கு அது பிடித்துவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நிட்டிங் மெஷின டயா மட்டும் பாத்தா வாங்குவாங்க? கேஜும் பாக்கணும்லா. அதே மாதிரிதான். அகலம் ஒரு நம்பரு. இறக்கை எவ்வளவு முறுக்கி இருக்குங்கது இன்னொரு நம்பரு. இது பதிமூணு. ஒரு சுத்துச் சுத்துனா கணக்குக்குப் பதிமூணு இஞ்சு முன்னால போகும். அது பத்து. பத்து இஞ்சுதான் போகும்."

"அப்ப பதிமூணுதான நல்லது?"

"படகு காலியா இருந்தா நல்லது. பாரம் ஏத்திட்டா மோட்டார் தெணறும். டாப் கியர்ல மேடு ஏறுனா வண்டி தெணறும்லா, அப்படி. பாரத்துக்குப் பத்துதான். வேகம் கம்மி, இழுவை கூட."

சொல்லிவிட்டு, கம்பெனியில் இருந்து கொண்டுவந்த ஆர்பிஎம் மீட்டரைக் காட்டினார். மெஷின் எத்தனை சுற்று ஓடுகிறது என்று பார்க்கிற கருவி. மோட்டாரின் மூடியைக் கழற்றிவிட்டு அதைப் பிடித்தால் இதுவும் சுற்றைச் சொல்லும். மோட்டார் புத்தகத்தில் போட்டிருக்கிற சுற்று முழு வேகத்தில் வர வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. துண்டுச் சீட்டின் எண்கள் இவைதான். பலகை என்பது மோட்டாரின் கவ்விக்கு அடியில் வைக்கிற மரத்துண்டு. முக்கால் இஞ்சு கனம். ஒரு பலகை வைத்தால் மோட்டார் அவ்வளவு உயரும். உயர்ந்தால் தண்ணீருக்குள் இழுபடுகிற பாகம் குறையும், படகு பறக்கும். அளவுக்கு மிஞ்சி உயர்ந்தால் திரும்பும்போது காத்தாடி தண்ணீரை விட்டுக் காற்றைக் குடிக்கும். சத்தம் கீச்சென்று ஏறும், வேகம் செத்துப்போகும்.

பதிமூன்றைப் போட்டு, இரண்டு பலகை வைத்து அவர் ஒரு சுற்றுப் போனார். படகு தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு போனதைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. "இந்தத் தண்ணிக்கு இது போதும். ஒரு ஆளும் ரெண்டு கூடை மீனும்தான" என்று அவரே சொன்னார். குத்தகைக்காரரும் தலையாட்டினார். வேலை முடிந்துவிட்டது என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் கிளம்பினார். முடிந்த வேலைக்கு மறுபடி ஏன் போக வேண்டும்? மறுபடியும் ஏறி உட்கார்ந்தேன்.

அது ஆடி மாதம். பாலக்காட்டுப் பக்கம் இருந்து வருகிற காற்று ஆளைத் தள்ளியது. அணைத் தண்ணீர் முழுக்கச் சின்னச் சின்ன அலை. இப்படிப்பட்ட நாளில் குத்தகைக்காரர் வலையே போடுவதில்லை என்று போன வாரம்தான் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரரோ காற்றைப் பார்த்து, "இன்னைக்குத்தான் சரியான நாளு" என்றார்.

அதுதான் முதல் குறை. இரண்டாவது குறை படகுக்குள் இருந்தது. எட்டுச் சாக்கு மூட்டைகள். அவிழ்த்துப் பார்த்தேன். கட்டிங் வேஸ்ட். எங்கள் கம்பெனியில் சாயம் ஷேட் மாறிப்போனதால் தள்ளிவிட்ட மஞ்சள் துணியின் துண்டுகள். அந்த மஞ்சளை நான்தான் ரிஜெக்ட் போட்டேன், எங்கே பார்த்தாலும் தெரியும். அவற்றைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சொட்டச் சொட்டக் கட்டி, படகின் நடுவில் அடுக்கியிருந்தார். ஒரு மூட்டையை அசைக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"இது எதுக்கு?"

"பாரத்துக்கு."

"மணல அள்ளிப் போட்டாப் போதாதா?"

"மணலு கெடந்த எடத்துல கெடக்கும். இது தண்ணிய வச்சுக்கிட்டு அசையும்" என்றார். எதைப் போல என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, எனக்கே தெரிந்துவிட்டது. நனைந்த வலையைப் போல.

காத்தாடியைப் பார்த்தேன். பதிமூன்று சாக்கின் மேல் கிடந்தது. படகில் பத்து. மோட்டாருக்கு அடியில் இரண்டு பலகைக்குப் பதில் ஒன்று. குழந்தை சைஸ் ஆர்டருக்குப் பெரிய ஆள் சைஸில் துணி வெட்டி வைத்திருந்தால் நான் என்ன முடிவுக்கு வருவேன்? இந்தத் துணி இந்த ஆர்டருக்கு இல்லை என்றுதானே. தட்டையான அணைத் தண்ணீரில் ஓர் ஆள் போகிற படகுக்கு இவ்வளவு பாரம் வேண்டாம், இந்தப் பத்து வேண்டாம், மோட்டாரை இறக்கவும் வேண்டாம். இதெல்லாம் வேண்டியிருக்கிற தண்ணீர் ஒன்றே ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்துக் குத்தகைக்காரர் வந்தார். "லாரி எந்தக் கெழமைங்க அம்மிணி வருது? கரைக்கு எறங்குற பாதை மோசமாக் கெடக்குது, ஆளு வெச்சுச் சரி பண்ணோணுமுங்க. எனக்கு இந்த மாசத்தோட குத்தகை முடியுதுங்க. படகு நல்ல எடத்துக்குத்தான் போகுதுங்க" என்றார்.

நான் எல்லாம் தெரிந்தவள்போல் சிரித்து வைத்தேன். அவர் அந்தப் பக்கம் போனதும் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "படகு கடலுக்குப் போகுதா?"

"ம்."

"படகு மட்டுமா?"

ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஊர்ல அண்ணனுக்குத்தான் படகு. கடல்ல தனியாக் கெடந்து கஷ்டப்படுதான். கூட வர ஆளில்ல. நான் போகலாம்னு இருக்கேன்."

"எத்தன நாளைக்கு?"

ஸ்பேனரைத் திருப்பி மறுபக்கம் துடைத்தார். பெண் விவகாரமாகவே இருந்திருக்கலாம் என்று அந்த நிமிஷம் தோன்றியது. ஒரு பெண் என்றால் தலைமுடியைப் பிடித்து இழுத்துச் சண்டை போடலாம். கடலோடு நான் என்ன சண்டை போட முடியும்?

இவர் ஏன் கடலை விட்டு வந்தார் என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். இருபத்து நான்கு வயதில், எல்லாருக்கும் முன்னால் கரை சேர வேண்டும் என்ற வெறியில், மோட்டாரைத் தூக்கி வைத்து ஓட்டியிருக்கிறார். ஒருநாள் கரைக்குத் திரும்பும்போது அலையின் முதுகில் காத்தாடி காற்றைக் குடித்துவிட்டது. வேகம் செத்த படகைப் பின்னால் வந்த அலை புரட்டிப் போட்டது. இவர் நீந்தி வந்தார். கூட இருந்த சித்தப்பா மகன் வரவில்லை. அந்த மாதமே திருப்பூருக்குப் பஸ் ஏறியவர்தான். ஊருக்குப் போனாலும் கோயிலோடு திரும்பிவிடுவார், மணலில் கால் வைக்க மாட்டார். இனி அந்தப் பக்கமே போக மாட்டேன் என்று எனக்கு வாக்கும் கொடுத்திருந்தார்.

"இன்னும் ஒரே ஒரு ஓட்டம் பாக்கி. மீட்டரப் புடிக்கியா?" என்றார்.

கோபத்தில்தான் படகில் ஏறினேன். மீட்டரை மோட்டாரின் பக்கம் பிடித்துக்கொண்டு மூட்டைகளின் மேல் உட்கார்ந்தேன். அவர் கைப்பிடியை முறுக்கினார். பாரத்தோடு படகு மெல்ல எழும்பி, பிறகு சீராக ஓடியது. மீட்டரில் சுற்று சொன்னபடி வந்தது. நேராகப் போன வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அணையின் நடுவில் அலைக்கு எதிராக அவர் சட்டென்று திருப்பினார். மூட்டைகள் ஒரு பக்கமாகச் சரிந்தன, படகு சாய்ந்தது. அப்போது அந்தச் சத்தம் கேட்டது. கீச்சென்று, ஒரு நொடிதான். மீட்டரில் எண் குதித்து இறங்கியது. படகு தயங்கி, மறுபடி பிடித்துக்கொண்டது.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் காற்றுக்கு எதிராகக் கண்ணைச் சுருக்கி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று இரைச்சலில் கேட்டிருக்காது என்று நினைத்தேன். மோட்டார் இன்னும் ஒரு பலகை உயரம் அதிகம்.

கரைக்கு வந்ததும், "எவ்வளவு காட்டுச்சு?" என்று கேட்டார்.

"நீங்க சொன்ன அளவுதான்" என்றேன்.

பத்தொன்பது வருஷத்தில் குறையைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் ஒரு பீஸைக்கூட நான் அனுப்பியதில்லை. அன்று செய்தேன். ஏன் செய்தேன் என்று பிறகு எனக்கு நானே பல சமாதானம் சொல்லிப் பார்த்தேன். படகு சரியில்லை என்று அங்கே போனதும் தெரியும், வெறுத்துப்போய்த் திரும்பி வந்துவிடுவார் என்று ஒன்று. அவர் அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று இன்னொன்று. எதுவும் உண்மை இல்லை. என்னிடம் கேட்காமல் முடிவு செய்த ஆளுக்கு நான் ஏன் உதவ வேண்டும் என்ற ஆத்திரம்தான் உண்மை. வேப்ப மரத்தடியில் போய் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் வெகுநேரம் படகில் எதையோ கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் வேலையில் என் கண் நிற்கவில்லை. கழுத்துப் பட்டி கோணலாக இருந்த பீஸ்கள் என் கையைத் தாண்டிப் போக, அவற்றைச் சூப்பர்வைசர் திருப்பிக் கொண்டுவந்து போட்டார். வீட்டில் அவர் எப்போதும்போல் இருந்தார். அதிகம் பேசவில்லை, குறைத்தும் பேசவில்லை. சாப்பிடும்போது சில சமயம் என்னை நிமிர்ந்து பார்ப்பார். என்ன பார்க்கிறார், என்னிடம் எதை மறைக்கிறார் என்று நான் அதற்கும் ஒரு சந்தேகம் வைத்திருந்தேன். கோயம்புத்தூர் விடுதியில் இருந்து மகள் போன் செய்தபோது இரண்டு பேரும் மாறி மாறிச் சிரித்துப் பேசினோம். வைத்த பிறகு வீடு பழையபடி ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை லாரி வருகிற நாள். தோசை ஊற்றிப் போட்டேன். இரண்டு தின்றார். மூன்றாவதைத் தட்டில் வைக்கும்போது அந்தச் சித்தப்பா மகனின் நினைவு வந்தது. அவன் முகத்தை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

"திரும்பயில காத்தக் குடிக்குது. நான் கேட்டேன். மீட்டர்லயும் குதிச்சுது. அந்தப் பலகைய எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கையைக் கழுவாமலே எழுந்தார். வாசலில் நின்ற வண்டியின் பெட்டியைத் திறந்து எதையோ கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அந்தப் பலகை. கவ்வி அழுத்திய தடம் இரண்டு அதன்மேல் இருந்தது.

"அன்னைக்கே கழட்டிட்டேன்" என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "உங்களுக்கும் கேட்டுச்சா?"

"எனக்குக் கேக்காம இருக்குமாளா? அந்தச் சத்தம் இருவது வருசமா எனக்குக் கேட்டுக்கிட்டுத்தான இருக்கு."

"பெறகு ஏன் எங்கிட்ட எவ்வளவு காட்டுச்சுன்னு கேட்டீக?"

"நீ சொல்லுதியான்னு பாத்தேன்."

ஆறு நாளாக அவரைக் கண்காணிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைத்தான் ஒருவர் கண்காணித்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. இந்தச் சோதனையை வைக்க இவருக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு கேள்வி.

"நான் சொல்லாம இருந்திருந்தா போயிருக்க மாட்டீகளா?"

ஆறிப்போன தோசையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"போயிருப்பேன். திரும்பி வந்திருக்க மாட்டேன்."